குரலில் வந்தால் மட்டும் நம்புங்கள்

ஜுவைரியா அனுப்பாத ஒரு வாய்ஸ் நோட்டுக்கு, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கட்டைவிரல்கள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன.

அந்தி நேரத்து மஃரிப் தொழுது முசல்லா விரிப்பை மடித்து வைத்துவிட்டு, மூன்றாம் வகுப்புப் பெற்றோர் குரூப்பில் மறுநாள் பாடத்தைச் சொல்வதற்காகத்தான் போனை எடுத்திருந்தாள். அதற்குள் அங்கே ஒன்று கிடந்தது. வலது பக்கத்தில், பச்சைக் கட்டத்துக்குள், அவள் போனிலிருந்தே போனதாக. அமுக்கிக் கேட்டாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். ஜுவைரியா டீச்சர் பேசுதேன். நாளைக்குப் பிள்ளைங்க கலர் பென்சில் கொண்டு வரணும். ஏழாம் வாய்ப்பாடு பாத்துட்டு வரணும். செருப்பை வரிசையா விட்டுட்டு உள்ள வரணும், சரியா?"

அவள் குரல்தான். கடைசியில் வந்த செருப்பு விஷயமும் அவளுடையதுதான். வகுப்பு வாசலில் செருப்புக் குவியலைப் பார்த்தால் அவளுக்கு ஆகாது, அதனால் எதைச் சொன்னாலும் அப்படித்தான் முடிப்பாள். பிள்ளைகள் அதை அவளைப் போலவே சொல்லிக் காட்டிச் சிரிப்பார்கள். கலர் பென்சிலும் ஏழாம் வாய்ப்பாடும் அவள் இப்போது சொல்ல வாயெடுத்தவைதான். ஆக, முன்னமே சொல்லி அனுப்பிவிட்டு மறந்திருக்கிறாள். நாளெல்லாம் ஒரு வகுப்புப் பிள்ளைகளோடு கத்திவிட்டு வந்தால் சொந்தப் பெயரே மறந்துபோகும், இதென்ன பிரமாதம் என்று சொல்லிக்கொண்டு உலை வைக்கப் போனாள்.

வாய்ஸ் நோட்டு என்பது அவள் கண்டுபிடித்த வழி. தாராவியிலேயே பிறந்து வளர்ந்த இந்த அம்மா அப்பாக்களுக்கு வீட்டில் திருநெல்வேலிப் பேச்சு, தெருவில் ஹிந்தி. தமிழ் எழுத்து மட்டும் வராது. எழுதிப் போட்டால் யாரும் படிப்பதில்லை. பேசிப் போட்டால் சப்பாத்தி உருட்டிக்கொண்டே கேட்டுவிடுவார்கள். போன வருஷ மழையில் எவனோ ஒருவன், பரீட்சை தள்ளிப்போய்விட்டதாக அவள் பெயரைப் போட்டு ஒரு செய்தி எழுதிச் சுற்றவிட்டான். உதவித்தொகைப் பரீட்சைக்கு வகுப்பில் பாதிப் பேர் வரவில்லை. அந்த ஆத்திரத்தில் ஜுவைரியா இரண்டு காரியம் செய்தாள். குரூப்பில் தன்னைத் தவிர வேறு யாரும் செய்தி போட முடியாதபடி அடைத்தாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு எல்லோருக்கும் சொன்னாள்: "எழுத்துல வந்தா நம்பாதீங்க. என் பேரைப் போட்டு வந்தாலும் நம்பாதீங்க. என் குரல்ல வந்தா மட்டும் நம்புங்க."

தலைமையாசிரியர் திருவேங்கடம் அதைக் கேட்டுவிட்டு, "ரொம்ப நன்னாருக்கும்மா, இனிமே எல்லா கிளாஸுக்கும் இதான் சிஸ்டம்" என்றார். மாட்டுங்காவிலிருந்து வருகிற அவர் எளிதில் யாரையும் பாராட்டுகிறவர் அல்ல. ஜுவைரியாவுக்கு அன்றைக்கு முழுக்கப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் காலையில் அவள் தொண்டை கட்டியிருந்தது. மழைக்காலம், சாக்பீஸ் தூசி, ஆச்சரியம் ஒன்றுமில்லை. சாயங்காலம் மிளகுப் பால் குடித்துவிட்டுப் போனை எடுத்தால், குரூப்பில் மறுபடியும் ஒன்று கிடந்தது. அதே குரல், கட்டாத தொண்டையோடு, தெளிவாக, கொஞ்சம் இனிமையாகக்கூட. இந்தத் தடவை மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள அவளால் முடியவில்லை.

போனைக் காதோடு ஒட்டிவைத்துக் கேட்டாள். குரலுக்குப் பின்னால் ஒரு மின்விசிறி, சுற்றுக்கு ஒரு தடவை டக் என்று தட்டியபடி. நிமிர்ந்து பார்த்தாள். தலைக்கு மேல் அவள் வீட்டு விசிறி அதே கணக்கில் தட்டிக்கொண்டிருந்தது. அப்புறம் அந்த நோட்டுக்குள் ஏதோ எவர்சில்வர் பாத்திரம் கீழே விழுந்து, நீளமாக உருண்டு, சுவரில் மோதி நின்றது. அதோடு ஒரு சின்னக் குரல், "அல்லா!" என்று.

கேட்டு முடித்துப் போனை வைத்தாள். ஜன்னலுக்கு வெளியே தகரக் கூரைகளில் மழை பிடித்துக்கொண்டது, கீழ்வீட்டில் யாரோ மீன் வறுக்கும் வாசம் படியேறி வந்தது, எங்கோ தையல் மெஷின் ஒன்று நின்று நின்று ஓடியது, எல்லாம் எப்போதும்போல் இருந்தது. அடுப்படியில் அவள் மகள் சபா தண்ணீர் மோந்துகொண்டிருந்தாள். அவள் கையிலிருந்து டம்ளர் வழுக்கியது. விழுந்து, நீளமாக உருண்டு, சுவரில் மோதி நின்றது.

"அல்லா!" என்றாள் சபா.

ஜுவைரியா அடுப்படிக்கு ஓடினாள். மகளை இழுத்துக் கட்டிக்கொண்டாள். "டம்ளர்தானே உம்மா, உடையலையே" என்று அந்தப் பிள்ளை அவளைத் தேற்றியது.

கணவன் தௌஃபீக் மான்குர்தில் பை தைக்கும் பட்டறை வைத்திருந்தான். வீட்டுக்கு வந்ததும் அவனிடம் சொன்னாள், அதற்குள் கம்மிப்போயிருந்த குரலில். அவன் போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இப்பல்லாம் ஆளோட குரலை அப்படியே செஞ்சுடுதானுங்களாம். எவனோ ஹேக் பண்ணியிருப்பான். பாஸ்வேர்டை மாத்திடுவோம். நீ டென்ஷன் எடுக்காத."

"அந்த டம்ளர்?"

"வீட்டுல டம்ளர் விழாத நாள் இருக்கா பிள்ள?"

பாஸ்வேர்டை மாற்றினான். வேறு எந்தக் கம்ப்யூட்டரிலும் போனிலும் அவள் கணக்கு திறந்திருக்கவில்லை என்று காட்டினான். அது அவளுக்கு ஆறுதலாக இல்லை. வெளியிலிருந்து யாரும் வரவில்லை என்றால், அப்புறம் எங்கிருந்து?

அதற்கடுத்த நாள் மதியத்திலிருந்தே மழை விடவில்லை. ரயில் நின்றுவிட்டது, மான்குர்திலேயே தங்கிக்கொள்கிறேன் என்று தௌஃபீக் செய்தி அனுப்பினான். வகுப்பில் அன்றைக்கு அவள் கையால் ஜாடை காட்டித்தான் பாடம் நடத்தியிருந்தாள். குரல் சுத்தமாகப் போயிருந்தது. வீட்டுக்கு வந்து ஈரத் துப்பட்டாவைக் கொடியில் போட்டபோது, அடுப்படி ஜன்னல் வழியே பழைய பள்ளிக்கூடம் தெரிந்தது.

கூரைகளுக்கு மேலே அதன் மூன்றாவது மாடி மட்டும் தெரியும். தூண்கள் வெடித்துக் கம்பி வெளியே வந்துவிட்டதால் கோடையிலேயே காலி செய்து, சுற்றித் தகரம் அடித்து, யாரும் ஏறிவிடக் கூடாதென்று கீழ்ப் படிக்கட்டை இடித்தும் எடுத்துவிட்டார்கள். இப்போது வகுப்பு நடப்பது தொண்ணூறடி ரோட்டில் ஒரு கல்யாண ஹாலுக்கு மேலே. ஆனால் அவள் பழைய வகுப்பறை அந்த மூன்றாவது மாடியில்தான் இருந்தது. ஓரத்து ஜன்னல். அதில் மங்கலாக வெளிச்சம் இருந்தது.

மின்னலின் எதிரொளியாக இருக்கும் என்று நினைத்தாள். மின்னல் எதுவும் அடிக்கவில்லை.

போன் அதிர்ந்தது. குரூப்பில் கட்டைவிரல்கள். அவள் கேட்பதற்கு முன்பே எல்லோரும் கேட்டுவிட்டிருந்தார்கள்.

"அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். ஜுவைரியா டீச்சர் பேசுதேன். நம்ம ஹாலுக்குள்ள தண்ணி வந்துட்டு. அதனால நாளைக்கு கிளாஸ் நம்ம பழைய பில்டிங்குல, நம்ம பழைய ரூமுலயே. விடியும்போதே பிள்ளைங்களை அனுப்பிடுங்க. நீங்க உள்ள வரவேணாம், கேட்டுல விட்டுட்டுப் போங்க. நான் மேல கூட்டிட்டுப் போயிடுதேன். செருப்பை வரிசையா விட்டுட்டு உள்ள வரணும், சரியா?"

அத்தோடு முடியவில்லை. பேச்சு நின்ற பிறகு மழைச் சத்தம். விசிறி டக் என்று தட்டியது. கதவுச் சங்கிலி உரசி விழுகிற சத்தம். மேல் தாழ்ப்பாள். கீழ்த் தாழ்ப்பாள். அப்புறம் சபா, மூச்சுக்காற்று போல மெல்ல: "இந்தா வந்துட்டேன் உம்மா."

அவள் வீட்டுக் கதவு அது. அந்தச் சங்கிலியின் உரசல் அவளுக்குத் தெரியாதா. பாயில் உட்கார்ந்து கலர் பென்சில் சீவிக்கொண்டிருந்த மகளைப் பார்த்தாள். இந்தப் பிள்ளை அந்தக் கதவைத் திறக்கப் போகிறது. டம்ளர் விழுந்த மாதிரி.

நோட்டை அழித்தாள். அழித்த இடத்திலேயே திரும்ப வந்தது. மைக்கை அமுக்கி, யாரும் போகாதீங்க, அது நான் இல்லை என்று உயிரைக் கொடுத்துக் கத்தினாள். போட்டுக் கேட்டால் மழையும் விசிறியும்தான் இருந்தன. வேறு வழியில்லாமல் எழுதினாள். தமிழில், ஹிந்தியில், தெரிந்த இங்கிலீஷில். 'யாரும் பழைய கட்டிடத்துக்குப் பிள்ளைகளை அனுப்பாதீர்கள். அந்தக் குரல் என்னுடையது இல்லை.'

ஒரு கட்டைவிரலும் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, அஸாருதீனின் அம்மா சஃப்ரீனிடமிருந்து தனியாக ஒரு வாய்ஸ் வந்தது. சிரித்துக்கொண்டே பேசியிருந்தாள்.

"டீச்சர், குரூப்புல ஏதோ எழுத்தா வருது. எவனோ உங்க பேருல மறுபடியும் வேலையைக் காட்டுதான். நாங்க யாரும் நம்பல டீச்சர். உங்க குரல்ல வந்தாத்தான் நம்பணும்னு நீங்களே சொல்லியிருக்கீங்கல்லா. பேஃபிகர் இருங்க, கவலையே வேணாம்."

ஜுவைரியா வீடியோவில் கூப்பிட்டாள். சஃப்ரீன் எடுத்தாள், தோளில் துண்டு, பின்னால் அஸாருதீன் பல் விளக்கிக்கொண்டு. ஜுவைரியா தலையை ஆட்டினாள், கையை ஆட்டினாள், போகாதே போகாதே என்று வாயை அசைத்தாள், கண்ணீர் வந்துவிட்டது. "டீச்சர்? ஆவாஸ் வரலையே, ஒண்ணும் கேக்கல. நெட்வொர்க் நாசமாப் போச்சு. காலையில அனுப்பிடுதேன் டீச்சர், சரியா?" சஃப்ரீன் வைத்துவிட்டாள்.

திருவேங்கடம் சார் போன் அணைந்திருந்தது. போலீஸ் நம்பரில் ஒரு பெண் ஹலோ, போலோ, ஹலோ என்று பொறுமையாகக் கேட்டுப் பார்த்துவிட்டுத் துண்டித்தாள். தௌஃபீக்குக்கு எழுதினாள், உடனே வாங்க, ஏதோ தப்பு நடக்கிறது என்று. பதில் வந்தது.

'இப்பத்தானே போன்ல பேசின? எல்லாம் நல்லாருக்கு, சபா தூங்கிட்டா, நீங்களும் தூங்குங்கன்னு நீதானே சொன்ன?'

அதைப் படித்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. இன்றைக்கு வரைக்கும் அதை நினைத்தால் அவளுக்கு நெஞ்சில் அறைந்துகொள்ளத் தோன்றும். சபாவைப் பேசச் சொல்லலாம். டீச்சர் மகள் சொன்னால் நம்பாமல் போவார்களா? ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். பிள்ளை எழுத்துக்கூட்டிப் படித்தது. அப்புறம் போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பள்ளி விழாவில் பேசுகிற மாதிரி நிமிர்ந்து நின்று சொன்னது: "நான் சபா பேசுதேன். எங்க உம்மாவுக்குத் தொண்டை கட்டிட்டு. நாளைக்கு யாரும் பழைய ஸ்கூலுக்குப் போவாதீங்க." ஜுவைரியா விரலை எடுத்தாள். போய்விட்டது. கட்டைவிரல்கள் வர ஆரம்பித்தன. அவளுக்குப் போன மூச்சு திரும்பி வந்தது.

சரிபார்ப்பதற்காக அமுக்கினாள்.

"நான் சபா பேசுதேன். நாளைக்கு நானும் பழைய ஸ்கூலுக்கு வாரேன். எல்லாரும் வாங்க."

சபா தாயை நிமிர்ந்து பார்த்தாள். நான் அப்படிச் சொல்லலையே என்று சொல்ல வாய் திறந்தாள். உதடு அசைந்தது. நாக்கு அசைந்தது. சத்தம் வரவில்லை. பிள்ளை இன்னொரு முறை முயன்றது, கழுத்தைப் பிடித்துக்கொண்டு, கண்கள் பெரிதாகி. ஜுவைரியா அவள் முகத்தைத் தன் வயிற்றோடு அழுத்திக்கொண்டாள். தானே கொடுத்துவிட்டாள். தன் கையாலேயே.

விளக்கை அணைக்கவில்லை. கதவில் முதுகைச் சாய்த்து, மகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்தக் கதவு திறக்கக் கூடாது. ஆனால் திறக்காவிட்டால் அங்கே அஸாருதீனும் மெஹக்கும் மற்றப் பிள்ளைகளும் வந்து நிற்பார்கள், தடுக்க ஆளில்லாமல். சபாவைத் தனியாக உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போனால் அந்தச் சங்கிலிச் சத்தம் என்ன ஆகும்? எப்படிக் கூட்டிக் கழித்தாலும் ஏதோ ஒரு பிள்ளை காவலில்லாமல் மிஞ்சியது. கடைசியில் ஒன்று முடிவு செய்தாள். மகளைக் கையிலேயே பிடித்துக்கொண்டு, எல்லோருக்கும் முன்னால் போய் அந்தத் தகரக் கேட்டை மறித்து நிற்பது. குரல் இல்லாவிட்டால் என்ன, உடம்பு இருக்கிறதே. அப்படியே யாராவது நுழைந்தாலும் மேலே ஏறப் படிக்கட்டு இல்லை. அதை நினைத்தபோது கொஞ்சம் தைரியம் வந்தது.

விடிகாலை ஃபஜ்ர் பாங்கு கேட்டதும் எழுந்தாள். சபாவுக்குச் செருப்பு மாட்டிவிட்டாள், ரோஸ் கலர், ஒரு பட்டையில் சேஃப்டி பின் குத்தியது. சங்கிலியை எடுத்தாள். உரசி விழுந்தது. மேல் தாழ்ப்பாள். கீழ்த் தாழ்ப்பாள். கை அப்படியே நின்றுபோயிற்று. இந்தச் சத்தம். இதே சத்தம்தான். திறக்கப்போவது பிள்ளை என்று நினைத்தாளே, அவளே திறந்துவிட்டாள்.

திரும்பினாள். சபாவின் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தன. இந்தா வந்துட்டேன் உம்மா.

வேறு வழியில்லை. இறங்கி நடந்தாள். சந்தில் முழங்காலுக்குத் தண்ணீர், கறுப்பாக, தோல் ஊறிய நாற்றத்தோடு. ஒரு கையால் சுவரைத் தடவிக்கொண்டு, மறு கையில் மகளின் கையை இறுக்கிக்கொண்டு போனாள். திருப்பத்தில் எதிரே பார்த்தாள். சந்தின் அந்தக் கோடியில் குடைகள். நாலைந்து அம்மாக்கள் சேர்ந்து, பேசிக்கொண்டு, திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்கள். சஃப்ரீனின் பச்சைக் குடை. கூப்பிட்டாள். காற்றுத்தான் வந்தது. ஓடினாள். தண்ணீர் காலைப் பிடித்தது. பக்கத்து வீட்டுத் தகரத்தை ஓங்கித் தட்டினாள். மழை அதைவிட ஓங்கித் தட்டியது. குடைகள் திருப்பத்தில் மறைந்தன. அவர்கள் கைகளில் பிள்ளைகள் இல்லை.

தகரக் கேட்டு திறந்து கிடந்தது.

உள்ளே தரை மேடு, தண்ணீர் ஏறவில்லை. ஈரச் சுண்ணாம்பு வாசம். இருட்டு. படிக்கட்டு இருந்த இடத்தில் ஒரு ஓட்டை, அதிலிருந்து கம்பிகள் தொங்கின. ஏற எதுவும் இல்லை. அவள் நினைத்தது சரிதான், யாரும் ஏறியிருக்க முடியாது.

கம்பிகளுக்கு நேர் கீழே செருப்புகள் இருந்தன.

சின்னச் சின்னச் செருப்புகள். வரிசையாக. ஒன்றுகூடக் கோணாமல்.

மேலே, உயரத்தில், நாற்காலி நகரும் சத்தம். அப்புறம் அவள் குரல்.

"அஸாருதீன்."

"உள்ளேன் டீச்சர்."

"மெஹக்."

"உள்ளேன் டீச்சர்."

ஒவ்வொரு பதிலுக்கும் சிமெண்டுப் பொடி உதிர்ந்தது. அவள் தலையில். முகத்தில். எட்டிக் கம்பியைப் பிடித்துத் தொங்கினாள். கை வழுக்கியது. திரும்பப் பிடித்தாள். உள்ளங்கை கிழிந்தது. ஒரு கைதான். மறு கையில் சபா. அதை விடமாட்டாள். எதற்கும் விடமாட்டாள்.

"சபா."

ஜுவைரியா பிடியை இறுக்கினாள். எலும்பு நோகும் அளவுக்கு.

"உள்ளேன் டீச்சர்."

மேலிருந்து வந்தது.

குனிந்து பார்த்தாள். கை மூடியே இருந்தது. உள்ளே இன்னும் சூடு இருந்தது. வரிசையின் கடைசியில் ஒரு ரோஸ் செருப்பு, ஜோடியாக, பட்டையில் சேஃப்டி பின்னோடு, தண்ணீர் சொட்டச் சொட்ட.

வாயைத் திறந்து கத்தினாள். மேலே அவள் குரல், தெளிவாக, இனிமையாக:

"எல்லாரும் வந்தாச்சு. கதவைச் சாத்துங்க, சரியா?"

"சரி டீச்சர்."

கதவு சாத்திக்கொண்டது. அதற்கப்புறம் எந்தச் சத்தமும் இல்லை. ஒரு இருமல்கூட இல்லை. கட்டிடம் முழுவதும் மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது.

அவள் இடுப்பில் செருகியிருந்த போன் அதிர்ந்தது. எடுத்தாள். குரூப்பில் புதிதாக ஒரு வாய்ஸ் நோட்டு போயிருந்தது. வலது பக்கத்தில், பச்சைக் கட்டத்துக்குள். வீடு போய்ச் சேர்ந்த அம்மாக்கள் அதைக் கேட்டுவிட்டு, ஒவ்வொருவராகக் கட்டைவிரல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.